முதல் தடவை கவுன்சலிங் போகும் குடும்பத்துக்கு: மூணாறு முதல் கம்பம் வரை ஒரு வழிகாட்டி

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்தின் இடுக்கி மலைக்கு ஏறும் இந்த மூன்று வழிகளிலும் விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்ட ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்களின் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தலைமுறைகளாக வாழ்பவர்களும், தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் போய்வருபவர்களும் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் கொண்டு கொடுத்தவர்கள். ஜீப் கவிழ்ந்தது, மண் சரிந்தது, ஒற்றை யானை அடித்தது, குழுக் கடன் கழுத்தை நெரித்தது, குடி வீட்டைக் குலைத்தது என்று ஏதாவது ஒன்று தீண்டாத குடும்பம் இங்கே குறைவு. கை ஒடிந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், யார் கட்டுப் போடுவார்கள் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஜீப் கவிழ்ந்து பிழைத்தவர் ஆறு மாதமாகத் தூங்கவில்லை என்றால் எங்கே போவது என்று கேட்டால் பெரியவர்களே முழிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுன்சலிங் என்றால் உள்ளே கிடப்பதை எல்லாம் கொட்டி அழுதுவிட்டு வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நல்ல கவுன்சலர் முதலில் தூக்கத்தைக் கேட்பார், சாப்பாட்டைக் கேட்பார், வீட்டில் இப்போது யாரையாவது பார்த்துப் பயமா என்று கேட்பார். நடந்ததைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான். சில நேரம் மாதக்கணக்கில் அப்புறம். முதல் நாளே ‘எல்லாவற்றையும் சொல்லுங்கள்’ என்று பிடித்து உலுக்குபவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம் என்பது என் கட்சி. உலக சுகாதார நிறுவனமும், பேரிடரில் தப்பியவர்களை உட்காரவைத்து ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லச்சொல்லும் முறை வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

வீட்டில் யாராவது ‘நான் இருந்து என்ன பயன்’, ‘எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்று பேசத் தொடங்கியிருந்தால், திடீரென்று கடன் கணக்கையெல்லாம் ஒப்படைத்தால், நகையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், கவுன்சலர் தேடும் வேலையைத் தள்ளிவையுங்கள். ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் மூச்சு விடுவது போல இருக்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். ஏலக்காய்ச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே வெளியேற்றுங்கள். ‘பூட்டி வைத்திருக்கிறேன்’ என்பது போதாது, சாவி அதே வீட்டில்தானே இருக்கிறது. பூச்சிமருந்து கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதே உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பது பல நாடுகளில் மெய்ப்பட்ட செய்தி. அந்தக் கொடிய அரைமணி நேரம் கடந்துவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

14416 என்ற எண் இந்தியா முழுவதற்குமான மனநல உதவி எண், டெலிமானஸ் என்று பெயர். 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசம். தொடக்கத்தில் மொழி கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுங்கள். கேரளப் பக்கத்தில் இருந்தால் 1056, தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருந்தால் 104 என்ற சுகாதார எண்களும் உண்டு. அடி, உதை என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 112. இவற்றை அடுப்படிச் சுவரில் எழுதிவையுங்கள். செல்பேசியில் மட்டும் வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அது வேறொருவர் கையில் இருக்கும்.

பூச்சிமருந்து குடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து தாமதிக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் வந்து விவரம் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

எது இயல்பு, எது உதவி தேடும் அளவு

பெரிய அதிர்ச்சிக்குப் பின் முதல் சில வாரங்கள் யாருக்கும் தூக்கம் கெடும். கண்ணை மூடினால் அதே காட்சி வரும். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். இது நோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு உறவும் வேலையும் நாளும் சேர்ந்து இதை ஆற்றிவிடும். இந்தக் காலத்தில் மருந்துக் கடையில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகள் அதிர்ச்சியைத் தீர்ப்பதில்லை, பழக்கத்தை மட்டும் விட்டுச் செல்லும். பக்கத்தில் இருங்கள், சூடாகச் சாப்பிட வையுங்கள், பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் இவை குறையாமல் இருந்தால், அல்லது கூடிக்கொண்டே போனால், அப்போதுதான் கவுன்சலிங். ஆனால் எங்கள் பக்கத்தில் இது ‘மனசு சரியில்லை’ என்று வெளிப்படுவது அபூர்வம். கொழுந்து பறிக்கும் பெண்கள் டிஸ்பென்சரிக்குப் போய் ‘உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, தலை கிறுகிறுக்கிறது’ என்பார்கள். ஈ.சி.ஜி. எடுப்பார்கள், ஒன்றும் இருக்காது. வலி நிவாரணி கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த எரிச்சலும் அடைப்பும் உண்மையானவை. ஆண்களிடம் இது குடியாகவோ கோபமாகவோ தெரியும். ஜீப் விபத்தில் பிழைத்த ஓட்டுநர் ஜீப்பையே விற்றுவிட்டுக் காரணம் சொல்லாமல் இருப்பார்.

குழந்தைகளிடம் வேறு மாதிரி. நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கும். பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி. அம்மா கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் நின்று அழும். மண்ணைக் குவித்து அதில் பொம்மையைப் புதைத்துப் புதைத்து எடுத்து விளையாடும் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்கள் அதட்டுகிறார்கள். அதட்ட வேண்டாம். சொல்லத் தெரியாததை அது விளையாடிக் காட்டுகிறது. விளையாட்டு ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் இருந்தால், அது முடிந்த பிறகு பிள்ளை இன்னும் கலங்கியே இருந்தால், கவுன்சலரிடம் அதைச் சொல்லுங்கள்.

யார் யார், யாரிடம் எதற்கு

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். மருந்து எழுதும் டாக்டர் இவர்தான். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சுச் சிகிச்சை செய்வார். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் வைத்திருக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். குழுமத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். ‘கவுன்சலர்’ என்ற பலகையை மட்டும் பார்த்து நம்பிவிட முடியாது. இரண்டு ஆண்டு முதுகலை முடித்து மேற்பார்வையில் பயிற்சி பெற்றவரும் அந்தப் பலகை வைப்பார், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் வைப்பார். ‘என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, அதிர்ச்சிக்கு ஆளானவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதும் முகம் கறுப்பவரை விட்டு நகருங்கள். ஒரே அமர்வில் குணம் என்று உறுதி சொல்பவர், எண்ணெயோ பொடியோ விற்பவர், பேசுவதைப் படம் பிடித்துப் போடுபவர், தன் மதத்துக்கு வந்தால் சரியாகும் என்பவர், இவர்களும் அப்படியே.

கோயில், தர்கா, சர்ச் பற்றி ஒரு வார்த்தை. பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம், சோட்டானிக்கரைக்கும் குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் போகிறோம். போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டுதல் கொடுக்கும் தெம்பு வீணில்லை. போகும்போது மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஒருவரைக் கட்டிப்போடும் இடத்தில் விட்டுவராதீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மேலே சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

எந்த ஊரில், எந்த மொழியில்

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சறுக்கும் இடம் இது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையாளம் சரளமாக வரும். கடையில், பஞ்சாயத்தில், பஸ்ஸில் மலையாளம்தான். ஆகவே கேரள அரசு ஆஸ்பத்திரியில் மலையாளத்திலேயே சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். காய்ச்சலுக்கு அது போதும். செத்துப்போன தங்கையைப் பற்றிப் பேச அது போதாது. பேச்சு நன்றாகவே நடக்கும், ஆனால் ஆள் அதற்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். கண் கலங்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு வந்து, ‘போனேன், ஒன்றும் பயனில்லை’ என்பார். தமிழ் பேசும் கவுன்சலரைக் கேட்டு வாங்குங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். அம்மா அடிபட்ட கதையைப் பத்து வயது மகள் மொழிபெயர்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரைக் கேட்கலாம், அல்லது தொலைபேசியில் தமிழ் ஆலோசகரைப் பிடிக்கலாம்.

கேரளப் பக்கத்தில் முதல் வாசல் உங்கள் ஊர்க் குடும்பாரோக்கிய கேந்திரம், அதாவது பழைய ஆரம்ப சுகாதார நிலையம். அங்குள்ள ஆஷா பணியாளர்தான் சுருக்கு வழி. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் சமூக சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வரும். அந்த நாள் எது என்று அவரிடம் கேட்டுக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்த நாள் தவறினால் பெரும்பாலும் அடுத்த மாதம்தான். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் இடுக்கி, கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிகள். தமிழ்நாட்டுப் பக்கம் க.விலக்கு என்ற இடத்தில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மூணாறிலிருந்து போடி வழியாக இறங்கிப் போகும் குடும்பங்களுக்கு மொழிச் சிக்கல் அங்கே இல்லை. ஓ.பி. சீட்டு போட எந்த மாநிலத்து ரேஷன் அட்டை என்று பார்த்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அரசுப் பணத்தில் நடக்கும் மனநலச் சேவையைப் பாகுபாடின்றிப் பெறும் உரிமையை மேலே சொன்ன சட்டத்தின் 18ஆம் பிரிவு தருகிறது. ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளையும் சேர்த்து.

தொலைபேசி வழியில் பேசுவதானால் இடம்தான் பிரச்சினை. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இங்கே விசும்பினால் அங்கே ‘என்ன அக்கா ஆச்சு’ என்று கேட்பார்கள். சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி வளாகம், கோயில் பின்புறம், பாதுகாப்பான இடமென்றால் தேயிலைக் காட்டு ஓரம் என்று சிக்னல் உள்ள தனியிடம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். யானை நடமாட்டம் உள்ள பக்கம் என்றால் மாலையில் அங்கே போக வேண்டாம். மன நலத்துக்காகப் போய் வேறு அதிர்ச்சியை வாங்கி வரக் கூடாது.

வராதவரை என்ன செய்வது

குடும்பமே ஒன்றாக வந்தால்தான் கவுன்சலிங் என்று இல்லை. விருப்பமுள்ள ஒருவர் தொடங்கினால் போதும். பெரும்பாலும் அம்மா அல்லது மூத்த மகள். ஒருவர் நடந்துகொள்ளும் விதம் மாறினால் வீட்டில் மற்றவர்களும் பழைய மாதிரி நடந்துகொள்ள முடியாமல் போகும். குடும்பச் சிகிச்சையே இந்த நம்பிக்கையின் மேல் நிற்பதுதான்.

அப்பாவை அழைப்பது தனிக் கலை. ‘உங்களுக்குத்தான் பிரச்சினை, வந்து காட்டுங்கள்’ என்றால் கதவு சாத்தப்படும். அவரிடம் உதவி கேளுங்கள். ‘சின்னவன் ராத்திரியில் அலறுகிறான், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும், டாக்டரம்மா உங்களிடம் கேட்க வேண்டுமாம்’ என்று சொல்லிப் பாருங்கள். இது ஏமாற்று இல்லை, உண்மை. தாத்தா பாட்டி தடுத்தால், ‘பைத்தியத்துக்குப் பார்க்கிறார்களா?’ என்று கேட்டால், தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான். குடிப்பவர் குடியை நிறுத்தும்வரை காத்திருக்காதீர்கள். அவர் வராவிட்டாலும் மனைவியும் பிள்ளைகளும் போகலாம். போதைக்கென்றே 14446 என்ற இலவச எண் இருக்கிறது, குடும்பத்தாரும் அதில் பேசலாம்.

ஒரே ஒரு விலக்கு. வீட்டுக்குள்ளேயே அடிப்பவர் இருந்தால் அவரோடு சேர்ந்து ஒரே அறையில் உட்காரும் அமர்வுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே மனைவி உண்மை சொன்னால் இரவு வீட்டில் அதற்குக் கணக்குத் தீர்க்கப்படும். சொல்லாவிட்டால் கவுன்சலிங் நாடகமாகும். ‘இரண்டு கை தட்டினால்தான் ஓசை’ என்று சமரசம் பேசும் கவுன்சலரை நான் கவுன்சலர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் பாதுகாப்பு, தனி அமர்வு, தேவைப்பட்டால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழு அமைப்பின் ஸ்நேகிதா மையங்கள் இதில் உதவும்.

முதல் அமர்வு

முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பெயர், வேலை, வீட்டில் யார் யார், எப்போது தொடங்கியது, முன்பு எங்கெல்லாம் காட்டினீர்கள் என்று கேட்பார். பலர் ஒரு தாளில் மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரைவார்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து மலையேறினார், யார் இளம் வயதில் இறந்தார், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அதில் வரும். ‘மகன் தூங்காததற்கும் தாத்தாவுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று எரிச்சல்பட வேண்டாம். சில வீடுகளில் சாவைப் பற்றிப் பேசாமலிருப்பதே மூன்று தலைமுறை வழக்கமாக இருக்கும், அது அந்த மரத்தில்தான் கண்ணில் படும்.

எல்லோரும் சேர்ந்து போயிருந்தால் நல்ல கவுன்சலர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கொஞ்ச நேரம் பேசுவார். அப்பா பேசிக்கொண்டே போனால் இடைமறித்து ‘தம்பி, நீ சொல்’ என்பார். யார் மேல் தவறு என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். தீர்ப்பு எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அதற்குப் பஞ்சாயத்து இருக்கிறது.

ரகசியம் பற்றி நீங்களே கேளுங்கள். நீங்கள் சொல்வதை அவர் எஸ்டேட் ஆபீஸுக்கோ சூப்பர்வைசருக்கோ யூனியனுக்கோ சொல்லக் கூடாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வார். குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் போலீஸுக்கோ குழந்தைகள் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தே மறைத்தால் அவருக்கே தண்டனை. இதை முதலிலேயே விளக்கிச் சொல்பவர்தான் நேர்மையான ஆள்.

காயம் ஆறும் விதம்

ஆபத்து வரும்போது உடம்புக்குள் ஒரு சங்கு ஊதுகிறது. இதயம் அடிக்கிறது, கை கால் இறுகுகிறது, மூளை ஓடு அல்லது நில் என்கிறது. ஆபத்து போன பிறகு சங்கு நிற்க வேண்டும். அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு அது நிற்பதில்லை, சின்னக் காரணத்துக்கும் ஊதுகிறது. எதைக் கண்டால் ஊதுகிறதோ அதைத் தவிர்க்கத் தொடங்குகிறார்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கூடுகிறது, வாழ்க்கை சுருங்குகிறது.

எங்கள் மலையில் அந்தக் காரணம் பலருக்கும் மழை. மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் சேதி வெளியே வரவே விடிந்துவிட்டது. நான்கு ஆண்டுக்குப் பின் 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இடுக்கிக் குடும்பங்கள் பழைய நாளுக்கே திரும்பிப் போயின. ஜூன் பிறந்து தகரத்தில் மழை விழத் தொடங்கினால் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் உண்டு. நிகழ்ச்சி நடந்த மாதம் நெருங்கும்போது அறிகுறிகள் திரும்புவது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். அது பின்னடைவு என்று கவுன்சலிங்கை விட்டுவிடக் கூடாது.

இதற்குக் கவுன்சலர் ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்ல மாட்டார். சொன்னால் அது பொய், ஏனென்றால் மழையில் மலை சரியத்தான் செய்கிறது. பயத்தைத் திட்டமாக மாற்றுவார். வானிலைத் துறையின் எச்சரிக்கையை வீட்டில் ஒரே ஒருவர்தான் பார்ப்பார், நாளுக்கு இரண்டு முறை. சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்று பொருள். அன்றைக்கு எந்த வீட்டுக்குப் போவது, யார் பாட்டியைப் பிடித்துக்கொள்வது, ஆதாரும் மாத்திரையும் உடுப்பும் வைத்த பை எங்கே, எல்லாம் மழைக்காலத்துக்கு முன்பே முடிவாக வேண்டும். மஞ்சள் எச்சரிக்கைக்கு யாரும் எழுந்து உட்காரத் தேவையில்லை என்பதும் திட்டத்தில் அடங்கும். உண்மையான ஆபத்துக்கும் பழைய ஆபத்தின் நினைவுக்கும் நடுவே உடம்பு இப்படித்தான் கோடு போடக் கற்றுக்கொள்கிறது.

அதோடு உடம்புக்கான பயிற்சிகள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குவது. பழைய காட்சி இழுக்கும்போது கண்ணில் படும் ஐந்து பொருள்கள், கையால் தொடக்கூடிய நான்கு, காதில் விழும் மூன்று, மூக்கில் படும் இரண்டு, நாக்கில் ஒன்று என்று எண்ணி இந்த இடத்துக்குத் திரும்புவது. கேட்க விளையாட்டாகத் தோன்றும். அமைதியான நேரத்தில் பழகிக்கொண்டால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும், ஆகவே குடும்பமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் செய்து பழகுங்கள்.

தூக்கமும் வீடும் ஓரளவு நிலைத்த பிறகுதான் கவுன்சலர் நினைவுகளிடம் போவார். கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தும் உரிமை உங்கள் கையில் இருக்க. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒன்று. கண் அசைவுகளோடு நினைவை எடுத்துப் பார்க்கும் இ.எம்.டி.ஆர். என்ற முறை இன்னொன்று. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. குழந்தைகளுக்கான சிகிச்சையில் அம்மா அல்லது அப்பா பல அமர்வுகளில் கூட இருப்பார். பிள்ளை சொல்வதை உடைந்துபோகாமல் கேட்கப் பெரியவருக்கும் பயிற்சி வேண்டும். மருந்து தேவையென்று மனநல மருத்துவர் சொன்னால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் கொடுக்கப்படுபவை பலன் காட்டச் சில வாரங்கள் எடுக்கும், போதைப் பழக்கம் ஆகாதவை, நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாதவை.

உடல் கிடைக்காத சாவு தனி. பெட்டிமுடியில் நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் படத்துக்கு மாலை போட விரும்புவார், இன்னொருவர் போட்டால் நானே கொன்றது போல ஆகும் என்று தடுப்பார். அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோவது இதனால்தான், சொத்தால் இல்லை. இதைத் தெளிவில்லா இழப்பு என்று சொல்லி அமெரிக்காவின் பாலின் பாஸ் என்ற அறிஞர் ஆய்வு செய்திருக்கிறார். இங்கே கவுன்சலரின் வேலை யாரையும் நம்பவைப்பது இல்லை. இருவர் நினைப்பும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று ஆக்குவது. பதினாறாம் நாள் காரியமோ ஜெபமோ செய்வதா, எப்படிச் செய்வது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க ஓர் அமர்வு முழுவதும் ஒதுக்கலாம். மரணச் சான்றிதழ், நிவாரணத் தொகை போன்ற காகித வேலைகளில் கையெழுத்துப் போடும் நாளும் மனசுக்கு ஒரு அடிதான். அன்றைக்கு ஒருவர் துணைக்குப் போக வேண்டும்.

செலவும் நாளும்

அரசு ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை அல்லது ஓ.பி. சீட்டுக் காசு மட்டும். தனியாரிடம் போவதானால் ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு தேவைப்படலாம், வராத நாளுக்குக் காசு பிடிப்பார்களா என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். உண்மையான செலவு ஒரு நாள் கூலிதான். அதனால் ஞாயிறு அல்லது மாலை நேரம் கேளுங்கள். இரண்டு அமர்வுக்கு ஒன்றைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

வாரம் ஒன்று என்று தொடங்கி, பன்னிரண்டு பதினைந்து அமர்வுகளில் பலருக்குத் தெளிவான மாற்றம் தெரியும். சிறுவயது முதல் தொடர்ந்த கொடுமை என்றால் இன்னும் நீளும். நான்கு அமர்வு முடிந்தும் இவரிடம் பேச வாய் வரவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். சொன்ன பிறகும் மாறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், சிகிச்சையை விடாதீர்கள். இடையில் ஒரு சில வாரம் நிலைமை மோசமானது போலத் தோன்றும், குறிப்பாக நினைவுகளைத் தொடத் தொடங்கும்போது. பாதிப் பேர் விட்டுப்போவது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வாரத்தில் அமர்வைத் தள்ளிப்போடாதீர்கள்.

முடிக்கும்போது திடீரென்று முடிக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒன்று பதினைந்து நாளுக்கு ஒன்றாகும், பிறகு மாதம் ஒன்று, பிறகு மழைக்கு முன் ஒரு தடவை. கடைசி அமர்வில் ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள்: என்ன பிரச்சினை, என்ன சிகிச்சை, என்ன மருந்து, எது உதவியது. எஸ்டேட்டில் ஓய்வுபெற்றதும் லயத்தைக் காலி செய்துவிட்டு ராஜபாளையத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ கயத்தாறுக்கோ இறங்கிவிடும் குடும்பங்கள் எத்தனை! அந்த இடமாற்றமே பழைய காயத்தைக் கிளறும், புதிய ஊரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கடிதம் இருந்தால் அந்தப் பாடு இல்லை. அது ஆங்கிலத்தில் இருக்கட்டும். மலையாளத்தில் எழுதிய குறிப்பைத் திருநெல்வேலியில் வாசிக்க ஆள் தேட வேண்டியிருக்கும், தமிழில் எழுதியதைக் கோட்டயத்தில்.